காருக்குள் குட்டிப் பூச்சிகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை காருக்குள் பறக்கும் சின்னப் பூச்சிகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: காரில் ஏறி உட்கார்ந்தாலே முன் கண்ணாடியில் ஏழெட்டுக் குட்டி ஈக்கள் மொய்க்கின்றன. ஸ்ப்ரே அடித்தால் செத்து விழுகின்றன. பத்து நாளுக்குள் மறுபடி அதே கூட்டம். மூன்று தடவை அடித்தாயிற்று. எங்கிருந்துதான் வருகின்றன?

பதில்: எங்கிருந்தும் வரவில்லை, உங்கள் காருக்குள்ளேயே பிறக்கின்றன. வெளியிலிருந்து தப்பித் தவறி நுழைந்த ஈ என்றால் தின்னவும் குடிக்கவும் வழியில்லாமல் ஓரிரு நாளில் காய்ந்து செத்துப்போகும். வாரக்கணக்கில் கூட்டம் குறையவில்லை என்றால், முட்டையிடத் தோதாக ஈரமும் அழுகலும் உள்ள இடம் ஒன்று உள்ளே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே பறப்பவற்றைத்தான் கொல்லும். கார்பெட்டுக்கு அடியிலும் சீட்டு இடுக்கிலும் இருக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு எதன் மேலும் அது சரியாகப் படாது. 25 டிகிரி வெப்பத்தில் பழ ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறக்குறைய 10 நாள் போதும். உங்கள் பத்து நாள் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

முதல் வேலை, அது என்ன பூச்சி என்று பார்ப்பது. ஒளிபுகும் செல்லோடேப் துண்டு ஒன்றைக் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் ஈ மேல் மெதுவாக ஒற்றி எடுங்கள். அதை வெள்ளைத் தாளில் ஒட்டி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மஞ்சளும் பழுப்பும் கலந்த உடம்பு, சுமார் 3 மி.மீ. நீளம், சிவப்புக் கண் என்றால் பழ ஈ. சும்மா மிதப்பதுபோல் மெதுவாகச் சுற்றும். எங்கோ பழத்தோலோ ஜூஸோ புளித்துக்கொண்டிருக்கிறது. கறுப்பாக, ஒல்லியாக, நீண்ட காலோடு குட்டிக் கொசுபோல இருந்து, ஆனால் கடிக்காமல் தடுமாறித் தடுமாறிப் பறந்தால் அது பூஞ்சை ஈ. பூந்தொட்டி மண்ணைக் கிளறினால் கிளம்புமே, அதுதான். இதன் புழு தின்பது ஈரத்தில் வளரும் பூஞ்சையையும் மக்கிய குப்பையையும். ஆகவே எங்கோ தண்ணீர் இறங்கி, கார்பெட் ஊறிக் கிடக்கிறது. உடம்பும் இறக்கையும் முழுக்க ரோமமாக, உட்கார்ந்தால் இதய வடிவில் தெரிவது சாக்கடை ஈ. குளியலறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். இது வழுவழுப்பான அழுக்குப் படலத்தில் வளர்வது, காரில் இருந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய் ஏதோ அடைத்திருக்கிறது. கடைசியாக, முதுகு கூன்போட்டு, விரட்டினால் பறக்காமல் குடுகுடுவென்று ஓடும் ஈ. இது கொஞ்சம் வில்லங்கமான ஆள். பெரும்பாலும் செத்த எலியைக் காட்டிக்கொடுக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

பழ ஈ என்றால் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை, ஆனால் எல்லாமே கை நுழையாத இடங்கள். சீட்டை முழுக்க முன்னே தள்ளிப் பின்னாலிருந்தும், முழுக்கப் பின்னே தள்ளி முன்னாலிருந்தும் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சீட்டுக்கும் நடுக் கன்சோலுக்கும் இடையிலுள்ள பள்ளம், பின் சீட்டின் மடிப்பு, பெல்ட் பக்கிள் உட்காரும் குழி, கதவுப் பை, டிக்கியின் பக்கவாட்டுக் குழி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கப் ஹோல்டருக்கு வாருங்கள். அதன் அடியிலுள்ள ரப்பர் வட்டத்தை நெம்பி எடுங்கள். மேலே பளிச்சென்று இருக்கும். அடியில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு வளையம், அதில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைப் புழு நெளியும். காய்ந்த சர்க்கரைக் கறை ஈயைக் கூப்பிடுமே தவிர, புழு வளர ஈரம் வேண்டும். அந்த ஈரம் ரப்பருக்கு அடியில்தான் காயாமல் இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, பழைய டூத்பிரஷ்ஷால் மூலைகளைச் சுரண்டி, துடைத்துக் காயவிடுங்கள். வேக்யூம் போட்டால் அதன் பையை அன்றைக்கே வீட்டுக்கு வெளியே குப்பையில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரச்சினை காரிலிருந்து வீட்டுக்குக் குடிமாறும்.

கேள்வி: கிண்ணத்தில் வினிகர் வைத்தால் போதும் என்கிறார்கள். வைத்தேன். ஈக்கள் விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன, விழ மாட்டேன் என்கின்றன.

பதில்: மூன்று காரணம் இருக்கலாம். வெறும் வெள்ளை வினிகரில் பழ வாசனை கிடையாது, ஆப்பிள் சிடர் வினிகர்தான் இழுக்கும். சோப்பு சேர்க்காவிட்டால் திரவத்தின் மேற்பரப்பு தோல்போல் நின்று ஈயைத் தாங்கிவிடும், குடித்துவிட்டுப் பறந்துபோகும். மூன்றாவது காரணம்தான் பெரும்பாலும் தவறிப்போவது: காரில் அதைவிட நல்ல சாப்பாடு வேறெங்கோ இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஆப்பிள் துண்டு அழுகிக்கொண்டிருக்கும்போது உங்கள் வினிகரை எந்த ஈயும் மதிக்காது.

அளவு இதுதான்: ஆப்பிள் சிடர் வினிகர் 30 மி.லி., சர்க்கரை கால் டீஸ்பூன், பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. நுரை வராமல் கலக்குங்கள். நுரை மேலே மூடினால் வாசனை அமுங்கிவிடும். எலுமிச்சை வாசனை தூக்கலான சோப்புத் திரவம் வேண்டாம். அடி கனமான சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, பல்குத்தும் குச்சியால் 2 மி.மீ. அளவில் ஐந்தாறு துளை போடுங்கள். உள்ளே போன ஈக்கு வெளியே வரும் வழி தெரியாது. மாலையில் கப் ஹோல்டரில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காலையில் வண்டி எடுக்கும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஒரு பிரேக்கில் அது கார்பெட்டில் கொட்டினால் நீங்களே ஒரு புதுப் பண்ணை திறந்தது மாதிரி. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பொறி வைப்பதன் இன்னொரு பயன் கணக்கெடுப்பு. தினமும் காலையில் எத்தனை விழுந்தன என்று எண்ணுங்கள். சுத்தம் செய்தபின் எண்ணிக்கை இறங்கி, நடுவில் ஒருநாள் திடீரென்று ஏறி, பிறகு மறுபடி இறங்கினால் பயப்படாதீர்கள். கூட்டுப்புழுவாக மிச்சமிருந்தவை வெளிவந்திருக்கின்றன. இரண்டு வாரம் கடந்தும் இறங்கவில்லை என்றால் ஏதோ ஓர் இடத்தை விட்டுவிட்டீர்கள்.

பூஞ்சை ஈக்கு வினிகர் சரிவராது. செடிகளுக்கு வைக்கும் மஞ்சள் நிற ஒட்டும் அட்டை வாங்குங்கள். 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, நாலு சீட்டின் காலடியிலும் டிக்கியிலும் ஒவ்வொன்றாக, ஒட்டும் பக்கம் மேலே இருக்க, கெட்டி அட்டை மேல் வைத்து இரவு முழுக்க விடுங்கள். எந்தத் துண்டில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ அந்த மூலையில்தான் ஈரம். தேடும் வேலை பாதியாகக் குறையும். டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். வெயிலில் பசை இளகி ஒழுகினால் பிளாஸ்டிக்கிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் காலடிக் கார்பெட் எப்போதும் நசநசவென்று இருக்கிறது. கறுப்பு ஒல்லிப் பூச்சிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மழையே இல்லாத நாளிலும் ஈரம். வாட்டர் சர்வீஸ் விட்டதில் தண்ணீர் தங்கிவிட்டதா?

பதில்: மழையில்லாத நாளிலும் ஈரம் என்றால் முதல் சந்தேகம் ஏசி மேல். ஏசியின் குளிர்ச்சுருள் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து, ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் தூசியும் பாசியும் சேர்ந்து அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில் கார்பெட்டில் இறங்கும். பார்ப்பது சுலபம். புழுக்கமான நாளில் வண்டியை நிறுத்தி வைத்து ஏசியை 15 நிமிடம் ஓட்டுங்கள். தரையில் தண்ணீர் திட்டு விழாவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பெட்டியிலிருந்து கழன்று உள்ளேயே சொட்டுகிறது.

அடைப்பை எடுக்க இரும்புக் கம்பி விடாதீர்கள். உள்ளே இருக்கும் சுருளின் அலுமினியத் தகடு தாள் கனம்தான். குத்தினால் ஏசி கேஸ் போய்விடும், அப்புறம் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். புல் வெட்டும் இயந்திரத்தில் வரும் நைலான் நரம்பு 10 செ.மீ. உள்ளே போனால் போதும். அதைவிட நல்லது, தண்ணீர் உறிஞ்சும் வேக்யூமைக் கீழிருந்து குழாய் வாயில் வைத்து இழுப்பது. கூழ்போல ஒரு கட்டி வெளியே வரும், அதன் பின்னால் தண்ணீர் ஓடிவரும். ஜாக்கி மட்டும் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை நீட்ட வேண்டும்.

குழாயைத் தொடும் முன் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளைக் கார்பெட்டில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாவிட்டால் ஏசித் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர். பச்சை, இளஞ்சிவப்பு என்று ஏதாவது நிறம், விரலில் வழவழப்பு, தித்திப்பான வாசனை, கூடவே முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் புகைபோல் மங்கல் இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். ஹீட்டர் சுருள் ஒழுகுகிறது. கூலன்ட் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் விஷம். அதற்கு மேல் நீங்கள் தேட வேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் ஏறும் வாசகர்களுக்கு வேறு பட்டியல். வைப்பருக்கு அடியிலுள்ள கறுப்பு மூடியின் கீழே இலைதழை சேர்ந்து வடிகால் அடைத்திருக்கலாம். கதவு பலகைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் திரை, ஸ்பீக்கர் மாற்றியபோது கிழிந்திருக்கலாம். கதவின் அடி ஓரத்திலுள்ள வடிகால் துளைகள் மண் அடைத்திருக்கலாம். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளில் சுண்டுவிரல் நுழையாத வடிகால் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 100 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கீழே சக்கரத்துக்குப் பக்கத்திலோ கதவுக் கீல் பக்கத்திலோ வழிய வேண்டும். வழியாவிட்டால் நைலான் நரம்பை விடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை வைத்து ஊதுவது பலரும் செய்யும் காரியம். கூரையைத் தாங்கும் தூணுக்குள் அந்தக் குழாய் கழன்றுகொண்டால் இதுவரை சொட்டிய தண்ணீர் இனி கொட்டும்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லையா? ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெல்லியதாக விட்டு, கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு 5 நிமிடம் வீதம் காட்டட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் விளங்காது. வாட்டர் சர்வீஸ் அழுத்தத்தில் சோதிப்பதும் வீண், அந்த வேகத்துக்குக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங், நல்லதாக இருந்தால்கூடத் தண்ணீர் விடும்.

கேள்வி: ஒழுகலைச் சரிசெய்தாகிவிட்டது. கார்பெட்டும் மேலே காய்ந்துவிட்டது. ஆனாலும் வாடையும் பூச்சியும் போகவில்லையே?

பதில்: மேலே காய்ந்தது கணக்கில் சேராது. கார்பெட்டுக்கு அடியில் தடிமனாக ஸ்பாஞ்சோ பஞ்சுத் திண்டோ இருக்கிறது. பல கார்களில் இரண்டுக்கும் நடுவே ரப்பர் பூச்சும் உண்டு. திண்டு குடித்த தண்ணீர் மேல்வழியாக ஆவியாக வழியே இல்லை. முட்டியை ஊன்றி முழு எடையில் 10 விநாடி அழுத்துங்கள், குளிர்ச்சி ஏறினால் உள்ளே இன்னும் ஊறிக் கிடக்கிறது.

கதவு வாசலில் இருக்கும் நீளப் பிளாஸ்டிக் பட்டையை மேலே இழுத்துக் கழற்றினால் கார்பெட் ஓரம் கைக்கு வரும். அதைத் தூக்கி, அடியில் கட்டையோ காலி பாட்டிலோ கொடுத்து நிறுத்துங்கள். திண்டின் மேல் பழைய துண்டுகளைப் போட்டு மிதித்து மிதித்துப் பிழியுங்கள், வேக்யூமால் உறிஞ்சுங்கள், பிறகு ஃபேன் காற்று திண்டுக்கு அடியில் போகும்படி வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமான நாள்களில் கண்ணாடியைத் திறந்து வைத்தால் காயாது. மூடிவைத்து, ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபயரை உள்ளே ஓடவிடுவதுதான் சரி. ஈரத் திண்டின் மேல் சமையல் சோடாவைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குழைந்து பசையாகி, காய்ந்த பிறகு வேக்யூமுக்கும் வராது. காய்ந்த கார்பெட்டின் மேல் வாடைக்காகத் தூவினால் சரி.

சீட்டைக் கழற்ற நேர்ந்தால் அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொடலாம். மறுபடி மாட்டும் முன் சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் கைவராது என்று தோன்றினால் அந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

திண்டு கறுத்து, பிய்த்தால் தூளாக உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள். அதைக் காப்பாற்ற முயல்வது நேர விரயம். இணைப்புகளில் பச்சையாக உப்புப் பூத்திருந்தால் அதையும் அப்போதே காட்டிவிட வேண்டும், பூச்சியைவிடப் பெரிய செலவு அங்கே காத்திருக்கிறது. எல்லாம் காய்ந்த பிறகும் முழு வளர்ச்சி அடைந்த பூஞ்சை ஈக்கள் ஒரு வாரம்வரை திரியும். மருந்து தேவையில்லை, முட்டையிட இடம் கிடைக்காமல் தானாகத் தீர்ந்துபோகும்.

கேள்வி: ஏசி போட்டதும் முதல் காற்றோடு இரண்டு மூன்று பூச்சி வந்து விழுகிறது.

பதில்: வெளிக்காற்று வைப்பருக்கு அடியிலிருந்து நுழைந்து, கேபின் ஃபில்டரையும் காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோவரையும் தாண்டி, குளிர்ச்சுருள் வழியாக உங்கள் முகத்துக்கு வருகிறது. ஃபில்டர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் 2 மி.மீ. பூச்சி அதைத் தாண்டவே முடியாது. ஆகவே ஃபில்டர் இல்லை, அல்லது ஓரம் சேரவில்லை, அல்லது பூச்சி ஃபில்டருக்கு அந்தப் பக்கம் பிறக்கிறது.

பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸைக் காலி செய்து இரு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே சாயும். பின்னால் நீளமான மூடி, கிளிப்பை அழுத்தி இழுத்தால் ஃபில்டர் கைக்கு வரும். பழைய காராக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். அந்த இடம் காலியாகவே இருப்பதும் உண்டு. ஃபில்டரின் ஓரத்திலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டுவது. மேல்பக்கத்தைக் காட்டுவதாக நினைத்துத் தலைகீழாகச் செருகுகிறவர்கள் அதிகம். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அம்பு பார்க்க வேண்டும். மடிப்புகளில் இலை, மகரந்தம், செத்த பூச்சி அடைந்திருந்தால் புதிது போடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவி மாட்டாதீர்கள், ஈரக் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையோ, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கோ மாற்றினால் போதும்.

ஃபில்டர் சரியாக இருந்தும் ரோமம் வைத்த சாக்கடை ஈ வந்தால், குளிர்ச்சுருள் பெட்டிக்குள் அழுக்குப் படலம் சேர்ந்திருக்கிறது. அதற்கென்று நுரை கிளீனர் கிடைக்கிறது. வடிகால் குழாய் திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு பிறகு அடியுங்கள்; அடைத்திருந்தால் நுரையெல்லாம் கார்பெட்டுக்கு வரும். டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ப்ளோவரை முழு வேகத்தில் 10 நிமிடம் ஓட்டுங்கள். அதன்பின் வீடு சேரச் சில நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடும் பழக்கம் வையுங்கள். சுருள் காய்ந்து நின்றால் அங்கே எதுவும் வளராது.

கேள்வி: ஒரே அடியாக முடிக்க வேண்டும். கொசுவத்தி ஏற்றி மூடிவைக்கலாமா? பாச்சை உருண்டை போடலாமா? புகைமருந்து டப்பா?

பதில்: மூன்றும் வேண்டாம். மூடிய காரில் கொசுவத்தி என்பது சீட்டுத் துணிக்குப் பக்கத்தில் நெருப்பு. பாச்சை உருண்டையின் நாஃப்தலீன் ஆவி சின்ன இடத்தில் அடர்ந்து நிற்கும், ஸ்பாஞ்சில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். புகைமருந்து டப்பாக்கள் அறை அளவுக்குத் தயாரித்தவை. காரின் கன அளவுக்கு மருந்து பல மடங்கு அதிகம், உந்துவாயுவும் பெரும்பாலும் தீப்பிடிக்கக்கூடியது.

சாதாரண ஸ்ப்ரே அடித்தே தீருவேன் என்றால், இன்ஜின் அணைத்து, டேஷ்போர்டில் படாமல், இரண்டு விநாடி மட்டும். அரை மணி மூடிவைத்து, பிறகு கதவெல்லாம் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். ஸ்டியரிங், பெல்ட், குழந்தை சீட்டு ஆகியவற்றைத் துடைத்துவிட்டு ஏறுங்கள். வைப்பருக்கு அடியில் காற்று போகும் வாயில் அடிப்பது மகாத் தப்பு. மருந்து பெட்டிக்குள் படிந்து ஒவ்வொரு முறையும் முகத்துக்கு வரும். வீட்டில் பூனை இருந்து அதுவும் காரில் ஏறும் என்றால் பெர்மெத்ரின் உள்ள மருந்து எதுவும் ஆகாது. பேட்டரி கொசு பேட்டை, ஸ்ப்ரேயோ சானிடைசரோ அடித்த காற்றில் சொடுக்காதீர்கள்; ஒரு பொறி போதும்.

கேள்வி: கொளுத்தும் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் எல்லாம் செத்துவிடாதா?

பதில்: பறப்பவை சாகும். வெளியே 35 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும், பழ ஈ அதைத் தாங்காது. ஆனால் ஈரத் திண்டு ஆவியாகிக்கொண்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். புழு இன்னும் ஆழமாக இறங்கிவிடும். கொல்லாத அளவுச் சூடு வளர்ச்சியைத்தான் வேகப்படுத்தும். சுத்தம் செய்து முடித்த காரைக் காயவைக்க வெயில் அருமையானது, அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். நிறுத்தும் முன் ஸ்ப்ரே டப்பா, லைட்டர், பவர் பேங்க் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். டப்பாவிலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும்.

கேள்வி: குழந்தையின் பால் பாட்டில் பின் சீட்டில் கொட்டிவிட்டது. துடைத்தோம். இப்போது வாடை, கூடவே ஈ.

பதில்: பால் துணியில் நிற்பதில்லை, ஸ்பாஞ்சுக்குள் போய்விடும். வெந்நீர் ஊற்றாதீர்கள், புரதம் உறைந்து பிடித்துக்கொள்ளும். என்சைம் கிளீனர் வாங்குங்கள். கொட்டிய பால் எவ்வளவு பரவியதோ அதே ஆழத்துக்கு இதுவும் இறங்க வேண்டும். மேலாகத் தெளித்தால் பயனில்லை. நனைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுக் காயாமல் டப்பாவில் சொன்ன நேரம் வைத்து, பிறகு வேக்யூமால் உறிஞ்சிக் காயவையுங்கள். முன்னாலோ பின்னாலோ டெட்டால் மாதிரிக் கிருமிநாசினி சேர்த்தால் என்சைம் வேலை செய்யாது.

குழந்தை சீட்டின் துணி உறையைக் கழற்றித் துவைக்கலாம். அதன் பெல்ட் பட்டைகளை மட்டும் ஊறவைக்கவோ மெஷினில் போடவோ கூடாது. நார் பலம் குறையும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பக்கிள் குழிக்குள் பால் போயிருந்தால் அதன் கையேட்டில் கழுவும் முறை இருக்கும். 'கிளிக்' சத்தம் தெளிவாக வரும்வரை குழந்தையை அதில் உட்காரவைக்க வேண்டாம்.

கேள்வி: திடீரென்று பெரிய பளபள ஈக்களும் ஓடுகிற குட்டி ஈக்களும் சேர்ந்து வந்திருக்கின்றன. தாங்க முடியாத நாற்றம்.

பதில்: எலியோ வேறு ஏதோ செத்துக் கிடக்கிறது. எங்கே என்று தெரிய, ஃபேனை ஓட்டி முதலில் வெளிக்காற்றிலும் பிறகு உள்சுழற்சியிலும் வைத்து முகர்ந்து பாருங்கள். வெளிக்காற்றில் நாற்றம் அதிகமென்றால் பானெட் பக்கம்: வைப்பர் மூடிக்கு அடி, பேட்டரித் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, இன்ஜினுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் தகடு. உள்சுழற்சியில் அதிகமென்றால் ப்ளோவர் பெட்டி, சீட்டுக்கு அடி, டிக்கி.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டவோ வேக்யூம் போடவோ கூடாது. தூசியோடு நோய் வரும். கிருமிநாசினியால் நனைத்து 5 நிமிடம் கழித்துக் காகிதத்தால் அள்ளுங்கள். ப்ளீச் கலந்தால் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர், அதுவும் பிளாஸ்டிக் பரப்பில் மட்டும், கார்பெட்டில் பட்டால் நிறம் போய்விடும். சடலத்தை எடுத்த பிறகும் இரண்டு வாரம்வரை ஈ வரலாம், ஏனென்றால் வளர்ந்த புழுக்கள் அதைவிட்டு நகர்ந்து காய்ந்த மூலையில் கூடுகட்டுகின்றன. அந்தப் பழுப்புக் கூடுகளையும் தேடி உறிஞ்சிவிடுங்கள். கடித்த வயர் இருக்கிறதா என்று பார்க்காமல் தூர ஓட்டம் போகாதீர்கள்.

கேள்வி: டிக்கியைத் திறந்தால் கொசு கிளம்புகிறது.

பதில்: ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அடியிலுள்ள ரப்பர் மூடியைத் தள்ளி வடித்து, துடைத்து, மூடியைத் திரும்ப இறுக்கமாகப் போடுங்கள். தண்ணீர் வந்த வழி பெரும்பாலும் பின் விளக்கைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் அல்லது டிக்கி பீடிங். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க வெளியே தண்ணீர் விட்டால் பிடிபட்டுவிடும்.

கேள்வி: மரத்தடியில் நிறுத்தும் நாளில் மட்டும் பச்சையும் வெள்ளையுமாகத் துளித் துளிப் பூச்சி.

பதில்: அசுவினியும் வெள்ளை ஈயும். இலைச் சாறு குடிப்பவை, காருக்குள் பெருகாது. கண்ணாடியை விரற்கடை இறக்கி வைக்கும் வழக்கத்தை அந்த இடத்தில் விடுங்கள். கார் மேல் பிசுபிசுப்பாகப் படிவது அவற்றின் கழிவுதான். அன்றே கழுவினால் பெயின்ட்டுக்கு நல்லது.

கேள்வி: ஓட்டும்போது கண்ணுக்கு நேரே பறந்தால் என்ன செய்வது? ஒருமுறை தேனீயே வந்துவிட்டது.

பதில்: ஓடும் காரில் கையை வீசி அடிக்காதீர்கள். பூச்சி வெளிச்சத்தை நோக்கித்தான் போகும், அதனால்தான் முன் கண்ணாடியிலேயே முட்டிக்கொண்டிருக்கிறது. பின் கண்ணாடிகள் இரண்டையும் பாதி இறக்கினால் சின்ன ஈக்கள் காற்றோடு போய்விடும். தேனீயோ குளவியோ என்றால் வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தி, போக்குவரத்து இல்லாத பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டு இறங்குங்கள். முன் கண்ணாடியின் உட்புறம் சன் ஷேடை விரித்து மறைத்தால் வெளிச்சம் திறந்த கதவுப் பக்கம் மட்டும் இருக்கும். ஓரிரு நிமிடத்தில் அது தானாக வெளியேறும். கொட்டினால் ஒவ்வாமை ஆகும் உடம்பு என்று தெரிந்தவர்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசியை வெயிலில் காயும் க்ளவ் பாக்ஸில் போட்டு வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.